ரா கோப்பும் நிறச் சிக்கலும் – ஒரு சிறு வரலாறு

அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா தன் முதல் படத்தை 'மயில்' என்ற பெயரில் கறுப்பு வெள்ளையில் எடுக்கத்தான் நினைத்திருந்தார். அது 1977-ல் '16 வயதினிலே' என்று வண்ணத்தில் வெளிவந்தது. ஒளிப்பதிவு நிவாஸ். ஆனால் பிலிம் காலத்தில் கேமராவிலிருந்து வருவது நெகடிவ் மட்டும்தான். பிரிண்ட் போடும்போது லேபில் சிவப்பு, பச்சை, நீல ஒளியை எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து புல்லின் பச்சையும் முகத்தின் நிறமும் மாறிவிடும்.

டிஜிட்டலில் அந்த நெகடிவின் இடத்துக்கு வந்ததுதான் 'ரா' கோப்பு. 2009-ல் வந்த 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' படங்களுக்குப் பயன்பட்ட ரெட் ஒன் கேமராவும் ராவில்தான் பதிவு செய்தது.

வேடிக்கை என்னவென்றால், ரா கோப்பில் முழுமையான வண்ணப் படமே கிடையாது! கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களில் ஒன்றை மட்டுமே அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. மீதி சிவப்புக்கும் நீலத்துக்கும் சரிபாதி. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் ஊகிக்கிறது. எதை வெள்ளை என்று கொள்வது என்பதையும் அப்போதே தீர்மானிக்கலாம். ஒரே கோப்பு இரண்டு மென்பொருளில் இரண்டு நிறமாகத் தெரிவது இதனால்தான்.

ஜேபெக்காக மாற்றிய பிறகும் தொல்லை உண்டு. 'அடோபி ஆர்ஜிபி'யில் சேமித்த படத்தை, 1996-ல் எச்பியும் மைக்ரோசாப்டும் முன்வைத்த 'எஸ்ஆர்ஜிபி' என்று நினைத்துத் திறந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கூட வெளுத்துப்போய்த் தெரியும். எண்கள் அதேதான், படிக்கும் அகராதிதான் வேறு.

இதைவிடப் பெரிய தகராறு 2005-ல் நடந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ரா வடிவம் வைத்திருந்தது. அடோபி 2004-ல் 'டிஎன்ஜி' என்ற பொது வடிவத்தை வெளியிட்டும் பெரிய கம்பெனிகள் அசையவில்லை. இதற்கிடையே நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவின் ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் விவரத்தைச் சங்கேதமாக்கிப் பூட்டியிருப்பது தெரியவந்தது. காசு போட்டு கேமரா வாங்கி, வெயிலில் நின்று எடுத்தவருக்கே தன் படத்தின் நிறத் தகவலைப் படிக்க அனுமதி வேண்டுமா? எழுந்த கோபம் நியாயமானதே. தகுதியான மென்பொருள் நிறுவனங்களுக்குத் தன் கருவித் தொகுப்பைத் தருவதாக நிக்கான் விளக்கம் சொன்னது.

டேவ் காஃபின் என்ற நிரலாளர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, பூட்டையே உடைத்தார். 1997 முதல் தனியொருவராக அவர் எழுதிவந்த 'டிசிரா' என்ற இலவச நிரல் நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளைத் திறந்தது. 2018-க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு வரவில்லை. அதிலிருந்து கிளைத்த 'லிப்ரா' இன்று பல மென்பொருள்களுக்குள் இருந்து அதே வேலையைச் செய்கிறது.