மிதவைப் புள்ளிப் பிழை

மிதவைப் புள்ளிப் பிழை என்பது, பதின்ம எண்களைக் கணினி இரும வடிவில், வரையறுக்கப்பட்ட இடங்களுக்குள் சேமிப்பதனால் கணக்கீடுகளில் தோன்றும் சிறு வேறுபாடு ஆகும். பெரும்பாலான நிரலாக்க மொழிகளில் 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டி விடையை முழுமையாக அச்சிட்டால் 0.3 கிடைப்பதில்லை, 0.30000000000000004 என்றே கிடைக்கும். நிரலாக்கம் கற்கத் தொடங்குவோர் இதனை அம்மொழியின் வழு என்று கருதுவதுண்டு. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் இதே விடை வருவதற்குக் காரணம், அவை ஒரே சீர்தரத்தைப் பின்பற்றுவதே ஆகும்.

தோன்றும் காரணம்

பதின்ம முறையில் 1/3 என்னும் பின்னத்தை 0.3333... என முடிவின்றி எழுத வேண்டியுள்ளது. இரும முறையில் இந்த நிலை இன்னும் பல பின்னங்களுக்கு ஏற்படுகிறது. பகுதி எண் 2 இன் அடுக்காக உள்ள பின்னங்கள் மட்டுமே இருமத்தில் முடிவு பெறும். 1/10 இன் பகுதியில் 5 ஒரு காரணியாக இருப்பதால், அது 0.000110011001100... எனத் தொடர்ந்துகொண்டே செல்லும். பழந்தமிழ்ப் பின்ன அளவைகளைக் கொண்டு இதனை எளிதாக நினைவில் கொள்ளலாம்: கால் (1/4), அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகியவற்றைக் கணினி பிழையின்றிச் சேமிக்கும்; மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றைச் சேமிக்க இயலாது.

இன்று பரவலாகப் பயன்படும் இரட்டைத் துல்லிய எண் 64 பிட்டுகளைக் கொண்டது. இவற்றுள் 1 பிட் குறிக்கும், 11 பிட்டுகள் அடுக்குக்கும், 52 பிட்டுகள் பின்னப் பகுதிக்கும் உரியன. எழுதப்படாத முதல் பிட்டையும் சேர்த்தால் 53 பிட்டுகளின் துல்லியம் கிடைக்கிறது. இது பதின்மத்தில் ஏறத்தாழ 15 முதல் 17 இலக்கங்களுக்குச் சமம். 0.1 என்று நாம் எழுதும்போது கணினி உண்மையில் சேமிப்பது 0.1000000000000000055511... என்னும் அருகிலுள்ள எண்ணையே. எண் பெரிதாகப் பெரிதாக, சேமிக்கத்தக்க அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகும். 2 இன் 53 ஆம் அடுக்கான 9,007,199,254,740,992 ஐத் தாண்டினால், எல்லா முழு எண்களையும் கூடச் சேமிக்க முடியாது.

முன்னர் ஒவ்வொரு கணினி உற்பத்தியாளரும் தமக்கெனத் தனி முறையைக் கையாண்டனர். ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விடைகள் தந்த காலம் அது. 1985 இல் வெளியான ஐஇஇஇ 754 சீர்தரம் இந்நிலையை மாற்றியது. இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய வில்லியம் ககான் 1989 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். இச்சீர்தரம் 2008 இலும் 2019 இலும் திருத்தப்பட்டது.

பிழையால் நேர்ந்தவை

ஒரு கணக்கீட்டில் நேரும் பிழை புறக்கணிக்கத்தக்கது. அது இலட்சக்கணக்கான முறை ஒரே திசையில் சேரும்போதே சிக்கல் எழுகிறது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 இல் 1000 என்னும் தொடக்க மதிப்புடன் ஒரு குறியீட்டெண்ணை வெளியிடத் தொடங்கியது. ஒவ்வொரு பரிமாற்றத்தின் பின்னரும் குறியீடு மீளக் கணிக்கப்பட்டு, மூன்று பதின்ம இடங்களுக்கு அப்பால் உள்ளவை வெட்டப்பட்டன. அருகிலுள்ள எண்ணுக்கு முழுதாக்கியிருந்தால் கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஈடாகியிருக்கும். வெட்டுவதோ எப்போதும் குறைக்கவே செய்யும். 1983 நவம்பரில் குறியீடு ஏறத்தாழ 524 ஆகக் காட்டப்பட்டது. சரியாகக் கணித்தபோது அது 1098 க்கும் மேல் இருந்தது.

இதனினும் கொடிய நிகழ்வு, வளைகுடாப் போரின்போது 1991 பெப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தகுரான் நகரில் நிகழ்ந்தது. அங்கு நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கடிகாரம், நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணி வைத்திருந்தது. அதனை நொடிகளாக மாற்ற, நிரல் 1/10 ஆல் பெருக்கியது. அந்த 1/10 வெறும் 24 பிட்டுகளில் வெட்டிச் சேமிக்கப்பட்டிருந்ததால், ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் சுமார் 0.000000095 நொடி பிழை ஏற்பட்டது. (சரியாகச் சொல்வதானால் இது மிதவைப் புள்ளி எண் அன்று, நிலைப் புள்ளி எண், எனினும் பிழையின் வேர் ஒன்றே.) அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தப்படாமல் இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் 36,00,000 பத்தில் ஒரு நொடிகள் உள்ளன. இதனை மேற்கண்ட பிழையால் பெருக்கினால் 0.34 நொடி வருகிறது. நொடிக்குச் சுமார் 1,676 மீட்டர் வேகத்தில் வரும் இசுக்கட் ஏவுகணை அந்நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது. எதுவும் தென்படாததால் எதிர் ஏவுகணையைச் செலுத்தவில்லை. படை முகாமின் மீது விழுந்த இசுக்கட் 28 அமெரிக்கப் படையினரைக் கொன்றது.

அமெரிக்க அரசின் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1992 இல் வெளியிட்ட அறிக்கையின்படி இச்சிக்கல் முன்னரே தெரிந்திருந்தது. நீண்ட நேரம் இயங்கினால் துல்லியம் குறைகிறது என்பதை இசுரேலியர் கண்டறிந்து, பெப்ரவரி 11 அன்றே தெரிவித்திருந்தனர். "மிக நீண்ட நேரம்" இயக்க வேண்டாம் என எச்சரிக்கையும் அனுப்பப்பட்டது. ஆனால் எத்தனை மணி நேரம் என்று அதில் கூறப்படவில்லை. அமைப்பை நிறுத்தி மீண்டும் தொடங்கியிருந்தாலே கடிகாரம் சுழியிலிருந்து தொடங்கியிருக்கும். திருத்தப்பட்ட மென்பொருள் தகுரானை அடைந்தது பெப்ரவரி 26 அன்று, அதாவது தாக்குதலுக்கு மறுநாள்.

1996 சூன் 4 அன்று வெடித்துச் சிதறிய ஏரியான் 5 ஏவூர்தியையும் சிலர் இப்பட்டியலில் சேர்ப்பர். அங்கு நிகழ்ந்தது முழுதாக்கல் பிழை அன்று. 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்ததால் நேர்ந்த மிகை வழிவு ஆகும்.

நிரலாக்கத்தில் தவிர்க்கும் முறைகள்

இரு மிதவைப் புள்ளி எண்கள் சமமா என்று நேரடியாக ஒப்பிடுதல் கூடாது. சுழியில் தொடங்கி 0.1 ஐக் கூட்டிக்கொண்டே சென்று, மதிப்பு 1 க்குச் சமமானதும் நிற்குமாறு எழுதப்பட்ட மடக்கு ஒருபோதும் நிற்காது. பத்தாவது கூட்டலின் பின் மதிப்பு 0.9999999999999999 ஆகவும், அடுத்ததில் 1 ஐத் தாண்டியும் இருக்கும். வேறுபாடு ஒரு சிறு வரம்புக்குள் உள்ளதா என்று பார்ப்பதே முறை. அவ்வரம்பை எண்ணின் அளவுக்கேற்ப வைக்க வேண்டும். கோடிகளில் உள்ள எண்களுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள எண்களுக்கும் ஒரே வரம்பு பொருந்தாது. பைத்தான் 3.5 முதல் இதற்கென ஒரு செயற்கூறு உள்ளது. சுழியுடன் ஒப்பிடுகையில் மட்டும் சார்பு வரம்பு பயன் தராது. தனி வரம்பைத் தர வேண்டும்.

பணத்தைக் கையாளும் நிரல்களில் மிதவைப் புள்ளி எண்களைப் பயன்படுத்தாதிருப்பதே நன்று. 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100 ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும், பின்ன இடங்களை வெட்டினால் 434 பைசா. கணக்கு முடிக்கும் நாளில் அந்த ஒரு பைசாவைத் தேடி நள்ளிரவு வரை விழித்திருந்த நிரலர்கள் பலர். தொகையைத் தொடக்கம் முதலே பைசாக்களில் முழு எண்ணாக வைத்திருக்கலாம், அல்லது மொழி தரும் பதின்ம எண் வகையைப் பயன்படுத்தலாம். பதின்ம வகையிலும், மதிப்பை 4.35 என்னும் மிதவைப் புள்ளி எண்ணாகத் தராமல் சரமாகத் தர வேண்டும். இல்லையெனில் பிழையும் அப்படியே உள்ளே வந்துவிடும்.

முழுதாக்கல் விதியும் மொழிக்கு மொழி மாறுபடும். 2.5 ஐ முழுதாக்கினால் பைத்தான் 3 அருகிலுள்ள இரட்டை எண்ணான 2 ஐத் தரும்; ஜாவாவின் வழக்கமான செயற்கூறு 3 ஐத் தரும்.

தரவுப் பகுப்பாய்வில்

மாறுபாட்டைக் கணிக்கப் பாடநூல்கள் தரும் சுருக்க வாய்பாடு, வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிப்பதாகும். தாளில் இது சரியே. 1000000001, 1000000002, 1000000003 ஆகிய மூன்று எண்களுக்கு மாறுபாடு 2/3. ஆனால் இவற்றின் வர்க்கங்கள் 10 இன் 18 ஆம் அடுக்கை ஒட்டியவை. அவ்வளவில் அடுத்தடுத்த இரட்டைத் துல்லிய எண்களுக்கு இடையிலான இடைவெளி 128. எனவே வாய்பாட்டின் விடை சுழியாகவோ 128 இன் மடங்காகவோதான் இருக்க முடியும். சில வேளைகளில் குறை எண்ணாகவும் வந்து, வர்க்கமூலம் காணும் இடத்தில் நிரல் முறிந்துவிடும். முதலில் சராசரியைக் கழித்தால் எண்கள் -1, 0, 1 ஆகிவிடும். பின் சிக்கலே இல்லை. தரவு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்குமாயின் 1962 இல் வெல்ஃபோர்டு வெளியிட்ட முறையைக் கையாளலாம்.

நீண்ட பட்டியல்களைக் கூட்டுவதற்கு ககான் 1965 இல் ஒரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டலிலும் இழக்கப்படும் சிறு பகுதியைத் தனி மாறியில் குறித்து வைத்து, அடுத்த கூட்டலில் சேர்ப்பதே அதன் சாரம். 2023 இல் வெளியான பைத்தான் 3.12 முதல், அம்மொழியின் இயல்பான கூட்டல் செயற்கூறே இத்தகைய ஈடுசெய் முறையைப் பின்பற்றுகிறது. ஆகவே பத்து 0.1 களை அச்செயற்கூற்றால் கூட்டினால் 1.0 கிடைக்கும், மடக்கு எழுதிக் கூட்டினால் பழைய விடையே கிடைக்கும்.

அடையாள எண்கள் மற்றொரு பொறி. எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பதால், 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். டுவிட்டர் 2010 இல் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது, ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைச் சிதைக்கும் என்பதால் அதே எண்ணைச் சரமாகவும் சேர்த்து அனுப்பியது. பைத்தானின் பாண்டாசு நிரலகத்தில், முழு எண் நிரை ஒன்றில் ஓரிடம் வெற்றாக இருந்தாலே அந்நிரை முழுவதும் இயல்பாக மிதவைப் புள்ளி எண்ணாக மாறிவிடும். நீண்ட அடையாள எண்கள் எந்த எச்சரிக்கையும் இன்றி மாறிப் போகும். இத்தகைய நிரைகளைக் கோப்பிலிருந்து படிக்கும்போதே சரம் என அறிவித்துவிட வேண்டும். படித்த பின் மாற்றினால், இழந்த இலக்கங்கள் திரும்பி வாரா.