கேத்தி டு நானுஓயா: ஒரு பட்ஜெட் டூரின் வரலாறு

போன மாசம் நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். தலைப்பு, 'குறைஞ்ச செலவுல வெளிநாடு'. தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இலங்கைனு நாலு வரிசை. டிக்கெட், ரூம், சாப்பாடு, சிம் கார்டு எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா, என் கணக்குல இலங்கைதான் ஜெயிச்சுது. லீவுக்கு ஊருக்கு, அதாவது கேத்திக்குப் போனப்போ இதை அப்பாயிகிட்ட சொன்னேன். "வெளிநாடு போறேன் அப்பாயி, நுவரெலியா." அவங்க கேட்டாங்க: "அது எப்பலேருந்துய்யா வெளிநாடாச்சு?"

அப்போ சிரிச்சுட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா, அந்தக் கேள்விக்குத் தேதி போட்டே பதில் சொல்லலாம்னு தெரிஞ்சுது. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

1914-லேருந்து ஆரம்பிப்போம். அந்த வருஷம் பிப்ரவரியில பாம்பன் பாலம் திறந்தாங்க. சென்னை எழும்பூர்ல ஒரு டிக்கெட் எடுத்தா போதும். ரயில்ல தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பல்ல தலைமன்னார், மறுபடி ரயில்ல கொழும்பு. இதுதான் 'போட் மெயில்'. நடுவுல கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். இப்போ நம்ம மலையைச் சேர்த்துப் பாருங்க. ஊட்டி ரயில் 1908-லயே வந்தாச்சு. ஆக கேத்தி ஸ்டேஷன்ல மலை ரயில் ஏறினா, வண்டி மாறி மாறி, அந்தக் கடல் ஒண்ணைத் தவிர முழுக்கத் தண்டவாளத்துலயே நுவரெலியா பக்கத்துல இருக்கிற நானுஓயா ஸ்டேஷன்ல போய் இறங்கலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? ஆனா அந்தப் பாதையில ரெண்டு விதமான பயணிகள் இருந்தாங்க. ஒருத்தர் காசு குடுத்து டிக்கெட் எடுத்தவர். இன்னொருத்தர் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளி. அவர் கையில காசு இல்ல, கழுத்துல ஒரு தகரத் துண்டு. அதுல தோட்டத்தோட நம்பர் குத்தியிருக்கும். 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல வந்த முறை இது. தகரத்தைக் காட்டினா ரயில், கப்பல், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். பில் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைத் தொழிலாளி பேர்ல கடனா எழுதும். அதுக்கு நடுவுல மண்டபம் முகாம் வேற. இலங்கை அரசாங்கம் நம்ம மண்ணுல நடத்தின முகாம் அது. காலரா, பிளேக் பயத்துல தொழிலாளிங்களை அங்கே தங்க வச்சு, சோதிச்சுத்தான் அனுப்புவாங்க. பைசா செலவில்லாத வெளிநாட்டுப் பயணம்னு தோணும். ஆனா அதை அடைக்க வருஷக்கணக்குல கொழுந்து பறிக்கணும். "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"னு இ.எம்.ஐ. விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு இப்போ அந்தத் தகரம்தான் ஞாபகம் வருது.

சரி, எப்போ வெளிநாடாச்சு? முதல் தேதி 1948. சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்க ஆனாங்க. இரண்டாவது, 1964 அக்டோபர் 30. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும், மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்தப் பேச்சு 1974-ல முடிஞ்சுது. ஆளுக்குப் பாதி, 75,000.

ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல் தனுஷ்கோடியை அழிச்சுது, ஒரு பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோச்சு. போட் மெயிலோட பழைய பாதை அன்னைக்கு முடிஞ்சுது. அப்புறம் ராமேஸ்வரத்துலேருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு. அந்தக் கப்பல்லதான் எங்க குடும்பமும் வந்துச்சு.

மலையகத்துல ரயிலைக் 'கோச்சி'னு சொல்வாங்க. இந்தியாவுக்கு வர்றவங்களை தலைமன்னாருக்கு ஏத்திப்போன ரயிலுக்கு 'ஒப்பாரி கோச்சி'னே பேர். ஏறினவங்களும் அழுதாங்க, பிளாட்பாரத்துல நின்னவங்களும் அழுதாங்க. அப்பாயி 22 வயசுல, கைக்குழந்தையா இருந்த எங்க அப்பாவோட அதுல ஏறினாங்க. அக்கா குடும்பம் அங்கேயே நின்னுருச்சு. ஒரே லயத்துல பொறந்தவங்க, ஒருத்தர் இந்தியர், ஒருத்தர் இலங்கையர்.

இப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல நீலகிரியில தேயிலை போட ஆரம்பிச்சுது. அதுதான் பின்னாடி 'டான்டீ' ஆச்சு. எங்க வீட்டுல எல்லாரும் கேத்தி பாலாடாவுல கேரட் காட்டு வேலைக்குப் போனாங்க. "அதே பனி, அதே குளிரு. ஆனா இங்க எங்களுக்குச் சிலோன்காரங்கன்னு பேரு. அங்க இந்தியாக்காரங்கன்னு பேரு" என்பாங்க அப்பாயி.

1980-கள்ல போர் வந்து அந்தக் கப்பலும் நின்னுச்சு. கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர்ல நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் தொடங்குச்சு. டிக்கெட் வரியோட 7,670 ரூபாய்னு அறிவிச்சு, முதல் நாளுக்கு மட்டும் 2,800-க்குக் குடுத்தாங்க. நின்னு நின்னு ஓடுது, மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க. அதனால கப்பலை நம்பி லீவு போடுறவங்க, திரும்பி வர ஒரு விமான டிக்கெட்டுக்கான காசையும் கையில வச்சுக்கங்க.

பட்ஜெட் டூர்னா நாம தூரத்தையும் டிக்கெட் விலையையும்தான் பார்க்கிறோம். இந்தக் கதையில தூரம் மாறவே இல்ல, அதே 35 கிலோமீட்டர் கடல்தான். மாறினதெல்லாம் காகிதம். எந்தக் காகிதத்துல உங்க பேர் இருக்குங்கிறதுதான் அந்தப் பயணத்தோட நிஜமான விலை.

அப்பாயிகிட்ட ஒரு பழைய பாஸ்போர்ட் இருக்கு. கண்டியில இந்தியத் தூதரகம் குடுத்தது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் அதைக் காட்டியிருக்காங்க, அதுவும் ஒன்வே. போன வாரம் புதுசுக்கு விண்ணப்பிச்சோம். 'பிறந்த இடம்'னு வந்ததும் தோட்டத்துப் பேர், டிவிஷன் பேர், லயத்து நம்பர் வரைக்கும் சொன்னாங்க. ஃபார்ம்ல அவ்வளவு இடமில்ல.

ஸ்ப்ரெட்ஷீட்ல இப்போ எல்லாமே ரெண்டு பேருக்கு. தலைப்பையும் மாத்திட்டேன். 'வெளிநாடு'ங்கிறதை எடுத்துட்டு, 'அப்பாயி ஊர்'னு போட்டிருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பழைய பாஸ்போர்ட் இருந்தா, அதை வச்சிருக்கிறவங்ககிட்ட இந்த வாரம் உட்கார்ந்து பேசுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.