டாலிஷ் ரயில் பாதையும் கடல் கேட்கும் கணக்கும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் டாலிஷ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர் மட்டும்தான். அலை பெரிதாக எழும்பினால் ரயில் ஜன்னலிலேயே வந்து அடிக்கும்! பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பிளிமத் நகரத்துக்கும் அதைத் தாண்டிய கார்ன்வாலுக்கும் இன்று இருக்கும் ஒரே ரயில் பாதை இது.

1846இல் இதை அமைத்தவர் புகழ்பெற்ற பொறியாளர் புரூனெல். மேடு பள்ளமான உள்நிலத்தை விடக் கடலோரம் சமதளமாக இருந்தது. (ரயிலில் என்ஜினே இல்லாமல், குழாயில் காற்றை உறிஞ்சி ரயிலை ஓட்டும் முறையை அவர் முயன்று பார்த்ததும் இங்கேதான். 1848இல் அதைக் கைவிட்டார்கள். அது தனிக்கதை.) 1855லேயே கடல் சுவரை உடைத்துவிட்டது. அதன் பிறகு உடைவதும் கட்டுவதும் வழக்கமாகிப் போனது.

1930களில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி, கடலை விட்டு விலகி உள்நிலம் வழியாக மாற்றுப் பாதை போட முடிவு செய்தது. வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலம் என்பதால் அரசின் ஆதரவோடு கடனும் கிடைத்தது. பாராளுமன்றமும் ஒப்புதல் தந்தது. 1939இல் போர் வந்தது, திட்டம் நின்றது. போர் முடிந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை.

இதை விட மோசமான முடிவு 1968இல் எடுக்கப்பட்டது. பிளிமத்துக்கு ஒகேம்ப்டன் வழியாக இன்னொரு பாதை இருந்தது. நஷ்டத்தில் ஓடிய பாதைகளை மூடிக்கொண்டிருந்த காலம் அது. ஒகேம்ப்டனுக்குத் தெற்கே இருந்த பகுதியையும் மூடிவிட்டார்கள். டிக்கெட் வரவைக் கணக்குப் பார்த்தவர்கள், கடலோரப் பாதை உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண்தானே என்று தோன்றலாம். ஆனால் கரையோரம் நீர் ஆழமானால் அலை உடையாமல் சுவர் வரை வந்துவிடும். முன்பு சுவருக்குக் கீழே நின்ற அலைகள் மேலே ஏறித் தாண்டும்.

2014 பிப்ரவரி 4 இரவு வீசிய புயலில் சுவர் உடைந்து, அடியில் மண் இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. கப்பல் கண்டெய்னர்களை வரிசையாக வைத்துக் கற்களால் நிரப்பி அலையைத் தடுத்தபடி வேலை செய்தார்கள். ஏப்ரல் 4 அன்றுதான் ரயில் மறுபடி ஓடியது. பழுது பார்க்க மட்டும் சுமார் 3.5 கோடி பவுண்டு!

அந்த வருடமே மாற்று வழிகளை ஆராய்ந்தார்கள். ஒகேம்ப்டன் பாதையை மறுபடி போட சுமார் 87.5 கோடி பவுண்டு ஆகும், அந்தச் செலவுக்கு ஈடான பலன் இல்லை என்று கணக்கு சொன்னது. அதனால் பணம் மறுபடியும் சுவருக்கே போனது. டாலிஷில் சுமார் 8 கோடி பவுண்டில், பழையதை விட உயரமான புதிய சுவர் 2023இல் முடிந்தது. கடல் மட்டம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது.

2021 நவம்பரில் எக்ஸிட்டரிலிருந்து ஒகேம்ப்டன் வரை தினசரி பயணிகள் ரயில் திரும்ப வந்தது. ஆனால் அங்கிருந்து பிளிமத்துக்குப் போகப் பாதை இல்லை.