இண்டக்‌ஷன் அடுப்பு சரியா சூடாகலையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்க

ஆபீஸ் முடிந்து ரூமுக்கு வந்து, குக்கரை வைத்து சுவிட்சைத் தட்டினால், அடுப்பு 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. அல்லது ஓடுகிறது, ஆனால் 10 நிமிடம் ஆகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. கேஸ் இணைப்பு இல்லாத பிஜி, வாடகை வீடுகளில் இருப்பவர்களுக்கு அன்றைய சாப்பாடே இதில்தான் இருக்கிறது. "போர்டு போச்சு" என்று முடிவு கட்டும் முன் சில விஷயங்களை நாமே பார்த்துவிடலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

பழைய காயில் ஸ்டவ்வில் கம்பி சூடாகி, அந்தச் சூடு பாத்திரத்துக்குப் போகும். இண்டக்‌ஷனில் அப்படி இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருள் வேகமாக மாறும் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அது பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்சாரத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. அதாவது பாத்திரமும் அடுப்பின் ஒரு பாகம்தான். அதனால் சோதனையை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பாத்திரத்தில் என்ன பார்க்கணும்?

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து பாத்திரத்தின் அடியில் வையுங்கள். நன்றாக ஒட்டினால் சரி. லேசாக ஒட்டினால் சூடும் குறைவாகவே வரும். சாதாரண அலுமினியக் குக்கர், செம்புப் பாத்திரம் ஆகியவை இதில் வேலை செய்யாது. எவர்சில்வரிலும் சில வகைகளில் காந்தம் ஒட்டாது.

அடுத்தது, அடிப்பகுதி. நாள்பட்ட பாத்திரத்தின் அடி வளைந்திருந்தால் கண்ணாடியோடு இடைவெளி விழும், சூடு குறையும். டீ போடும் சின்னப் பாத்திரங்களைப் பல அடுப்புகள் அடையாளமே காணாது. வேறொரு பாத்திரத்தை வைத்ததும் அடுப்பு ஒழுங்காக ஓடினால், அடுப்பில் கோளாறு இல்லை.

செட்டிங்கில் தப்பு இருக்குமா?

இருக்கலாம். 'பால்', 'தோசை' போன்ற மோடுகளில் சூடு ஒரு அளவுக்கு மேல் போகாது. மேனுவல் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். குறைந்த வாட்டில் அடுப்பு விட்டு விட்டு ஓடுவதும் பல மாடல்களில் இயல்புதான்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறதே?

உள்ளே சூடு அதிகமானால் அடுப்பு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அடியிலும் பின்பக்கமும் உள்ள காற்றுத் துளைகளில் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். சுவரை ஒட்டியோ, துணி, பேப்பர் மேலோ அடுப்பை வைக்காதீர்கள். ஆன் செய்ததும் ஃபேன் சத்தம் கேட்கவில்லை என்றால் சர்வீஸ் தேவை.

பிளக் பாயின்ட் முக்கியமா?

மிக முக்கியம். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட். கன்வெர்ஷன் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஓட்டினால் பிளக் உருகலாம், தீப்பிடிக்கலாம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகச் சொருகுங்கள். பிளக் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். வாடகை வீடு என்றால், வயரிங்கைச் சரிபார்த்துத் தரும்படி ஓனரிடம் கேளுங்கள்.

வோல்டேஜ் மிகவும் குறைந்தாலும் இண்டக்‌ஷன் அணைந்துவிடும். காயில் ஸ்டவ் அணையாது, ஆனால் 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் அதன் சூடு சுமார் 61 சதவீதமாகக் குறைந்துவிடும். மாலையில் மட்டும் பிரச்னை என்றால் சந்தேகம் வோல்டேஜ் மேல் போகட்டும்.

அடுப்பு உண்மையிலேயே வீக்கா என எப்படி அறிவது?

1 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு 2000 வாட்டில் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போக சுமார் 293 கிலோஜூல் வேண்டும். 85 சதவீத சூடு தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், கணக்குப்படி 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடைமுறையில் 4 நிமிடம் வரை ஆகலாம். நல்ல பாத்திரம், சரியான பாயின்ட் இரண்டும் இருந்தும் 7, 8 நிமிடம் ஆனால், கோளாறு உள்ளேதான்.

எப்போது கை வைக்கக் கூடாது?

கண்ணாடியில் விரிசல் விழுந்தால் அன்றோடு பயன்பாட்டை நிறுத்துங்கள். பொங்கி வழிவது உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும். யூடியூப் பார்த்து அடுப்பைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். திரையில் வரும் எரர் கோடுக்கு மாடலுக்கு மாடல் அர்த்தம் வேறு. அதனால் உங்கள் மாடலின் மேனுவலையே பாருங்கள்.

வாரன்ட்டி இருந்தால் பில்லோடு கம்பெனி சர்வீஸையே அழையுங்கள். வெளியில் கழற்றினால் வாரன்ட்டி போகலாம். வாரன்ட்டி இருந்தும் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.