வேலர் குதிரை

வேலர் குதிரை: ஆஸ்திரேலியாவில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை இந்தியப் படைகளுக்காகக் கப்பலேறி வந்த சவாரிக் குதிரை வகை. தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் இப்பெயர் பெற்றது. பெயர் வழங்கத் தொடங்கியது இந்தியாவில்தான். இது வந்திறங்கிய முக்கியத் துறைகளுள் சென்னையும் ஒன்று.

முன்வரலாறு

தமிழகக் கடற்கரையின் வெக்கையும் ஈரமும் பெரிய குதிரைகளை வளர்க்க ஏற்றவை அல்ல. உள்ளூரில் தாக்குப்பிடித்தவை மட்டக்குதிரைகளே. ஆகவே போர்க்குதிரை இங்குப் பெரும்பாலும் கடல்வழிச் சரக்காகவே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாடு ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பின்றி மடிந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரபு, பாரசீக, கத்தியவார், தக்காணக் குதிரைகளையும் தென்னாப்பிரிக்கக் கேப் குதிரைகளையும் வாங்கியது. இவற்றில் அரபுக் குதிரை உரமானது. ஆனால் உருவில் சிறியது, விலையும் அதிகம்.

தோற்றமும் பண்புகளும்

1788இல் முதல் குடியேற்றக் கப்பல்களில் சில கேப் குதிரைகள் சிட்னிக்குச் சென்றன. பின்னர் ஆங்கிலப் பந்தயக் குதிரை, அரபு, திமோர் மட்டக்குதிரை, பாரவண்டிக் குதிரை ஆகியவற்றின் இரத்தம் கலந்தது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் தானே இரை தேடி வளர்ந்ததால் கால் எலும்பும் குளம்பும் உறுதிப்பட்டன. வேலரின் உயரம் பொதுவாக 15 முதல் 16 கை, அதாவது சுமார் 152 முதல் 163 செ.மீ. வீரன், சேணம், ஆயுதம் எல்லாம் சேர்ந்த கனத்தைச் சுமந்து நெடுந்தொலைவு செல்லும். குறைந்த தீனியிலும் நீரிலும் தாங்கும். முதல் உலகப் போரில், 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தின் பீர்செபாவில் ஆஸ்திரேலியப் படையினர் பாய்ந்து தாக்கியது வேலர்களின் மீதேறியே.

இதற்கு மரபுப் பதிவேடு இருக்கவில்லை. படைக்கு எது ஏற்றது என்று கொள்முதல் அதிகாரிகள் தேர்ந்தார்களோ, அதையே பண்ணையார்கள் வளர்த்தார்கள். எனவே வேலரைத் தனி இனம் என்பதைவிட, இந்தியச் சந்தை வடித்தெடுத்த வகை எனலாம்.

சென்னை வணிகம்

1840களில் பெருகிய இறக்குமதி, 1857 கிளர்ச்சியை அடுத்து மேலும் கூடியது. பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் குறுகிய கொட்டில்களில் குதிரைகள் நின்றபடியே வந்தன. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே வழியில் வயிற்று உபாதை கண்டால் உயிருக்கே ஆபத்து. சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, அலைகடந்து சரக்கை மசூலா படகுகள் கொண்டுவந்தன. குதிரைகளைக் கடலில் இறக்கிக் கரைவரை நீந்தவிட்டதும் உண்டு. இராயபுரத்தை ஒட்டிய செயற்கைத் துறைமுகம் 1870களில் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, 1890களில்தான் நிறைவுற்றது. வந்திறங்கிய குதிரைகளைப் பழக்கிப் படைப்பிரிவுகளுக்கு அனுப்ப ஓசூரில் 1824 முதல் டிப்போ இயங்கியது. 1924இல் அது அரசுக் கால்நடைப் பண்ணையாயிற்று.

பராமரிப்பு

சென்னையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் புல் கொண்டுவர ஒருவரும் இருப்பது அன்றைய வழக்கம். புல்லுக்காரி பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவி. அருகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போகத் தண்ணீரில் அலசி, கட்டாகக் கட்டிக்கொண்டு வருவார். மண்ணோடு தின்றால் குடலில் மணல் சேர்ந்து வயிற்றுவலி காணும் என்பதால் அலசுவது முக்கியம். தானியத் தீனி வேகவைத்த கொள்ளு. வேலர்கள் படைக்கும் கோச்சு வண்டிக்கும் போயின. தெருவில் ஓடிய ஜட்காக்களை மட்டக்குதிரைகளே இழுத்தன.

மறைவு

1930களின் இறுதியில் இந்தியக் குதிரைப்படை மோட்டார் வண்டிகளுக்கு மாறத் தொடங்கியதும் இந்த வணிகம் சுருங்கி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நின்றது. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் கைவிடப்பட்ட குதிரைகள் காட்டுக் குதிரைகளாயின. அவற்றிலிருந்து வகையை மீட்க 1986இல் வேலர் குதிரைச் சங்கம் அங்கு அமைக்கப்பட்டது. மரபுப் பதிவேடும் அதன்பிறகே உருவானது.