கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் எதிரி



'லோ ஹான்' மீனை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மத்திய அமெரிக்கச் சிக்ளிட் இனங்கள் சிலவற்றைக் கலந்து, 1990களில் மலேசிய மீன் வளர்ப்பாளர்கள் உருவாக்கிய மீன் அது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் இங்கும் சிங்கையிலும் அதன்மீதான மோகம் உச்சத்தில் இருந்தது. நெற்றிப் புடைப்பையும் உடலிற் படிந்த கருங்குறிகளையும் நல்லூழின் அடையாளமாகக் கருதி வாங்கினர். குஞ்சு பொரிக்க விரும்பிப் பெண்மீனை உடன் விட்டவர்களோ, துடுப்பு கிழிந்து மூலையில் ஒடுங்கிய பெண்மீனைக் கண்டனர். சிலர் இறந்த மீனையே கண்டனர்.

சிறு மீன்களை இரையாக்கும் இம்மீன் தன் துணையையும் தாக்குவானேன்? இக்கேள்வி லோ ஹானுக்கு மிகவும் முந்தியது. அதற்குச் சொல்லப்பட்ட ஒரு விடை நம் பள்ளித் திடல் வரை வந்து சேர்ந்துள்ளமையால் அதன் வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ், வன்மம் பற்றிய தம் நூலை 1963இல் ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். 1966இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. அதில் அவர் எடுத்துக்காட்டிய மீன்களுள் ஒன்று நம் முன்னோர் மண்ணைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளில் வாழும் செம்மஞ்சள் நிறச் சிறு சிக்ளிட் அது. கேரளத்தார் அதனைப் பள்ளத்தி என்பர். கரிமீனின் நெருங்கிய உறவு. ஓர் இணையை மட்டும் தொட்டியில் தனித்து வைத்தால் ஆண் பெண்ணை வதைக்கும் என்றும், அண்டையில் பகைமீன் ஒன்றிருந்தால் சினம் அதன்மீது பாயும், துணை தப்பும் என்றும் லோரன்ஸ் எழுதினார். அவர் கூறிய வழி எளிது: தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு, இருபுறமும் ஒவ்வோர் இணை. கண்ணாடியில் பாசி படர்ந்து அண்டை மீன் மறைந்தால் ஆண்மீன் மனைவியிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்குமாம். கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறியாயிற்று!

1969இல் ஆன் ராசா என்னும் ஆய்வாளர் இம்மீனையே சோதித்தார். தனித்து வைக்கப்பட்ட இணைகளுக்குள் சண்டை மிகுந்திருந்ததை அவரும் கண்டார். ஆகவே லோரன்ஸ் கண்ட காட்சி பொய்யன்று. அதற்கு அவர் கூறிய காரணம்தான் வழக்குக்கு உரியது.

சினம் குடத்தில் நீர்போல உள்ளே நிறையும். வடிகால் இன்றேல் அருகிலிருப்போர்மீது கொட்டும் என்பது அவர் கொள்கை. மனிதருக்கு விளையாட்டே அவ்வடிகால் என்றும் எழுதினார். 1973இல் அவர் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். (1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.) "முரட்டுப் பையனைத் திடலில் மோதவிடுங்கள், அடங்கிவிடுவான்" என்னும் அறிவுரையை, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நானும் கேட்டிருக்கிறேன். இந்தக் குடத்தின் நீர்தான் அது என்பது என் கருத்து.

குடம் உடைந்ததும் மீன்தொட்டியில்தான். வால்டர் ஹைலிகன்பெர்க், லோரன்ஸ் தலைமையேற்றிருந்த சீவீசன் ஆய்வகத்தில் பணியாற்றியவர். அவர் ஆப்பிரிக்கச் சிக்ளிட் ஒன்றை ஆராய்ந்தார். அவ்வினத்து ஆணின் கண்ணருகே ஒரு கருங்கோடு உண்டு. அக்கோடு தீட்டிய பொம்மை மீனைக் காட்டினால், காணும் ஆண்மீன் உடனிருக்கும் சிறு மீன்களைத் தாக்குவது கூடுகிறது. அவரும் உர்சுலா கிரேமரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. தன்னினத்து ஆண்களைக் காணாது நெடுநாள் இருந்த மீனிடம் சினம் நிறையவில்லை, குறைந்தது. பொம்மையை மீண்டும் மீண்டும் காட்டியபோதுதான் அது ஏறியது. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் சைப்ஸ் என்னும் மானிடவியலாளர் பல சமூகங்களை ஒப்பிட்டார். போர்க்குணம் மிக்க சமூகங்களில்தான் மோதல் விளையாட்டுகளும் மிகுந்திருந்தன. விளையாட்டு வடிகாலாக இருந்திருப்பின் குறைந்தன்றோ இருக்க வேண்டும்!

அப்படியாயின் தனித்த பெண்மீன் வதைபடுவதேன்? லோ ஹானின் மூதாதையருள் ஒன்றான மைடஸ் சிக்ளிட்டை நிக்கராகுவா ஏரிகளில் காணுங்கள். அங்கே முட்டையிடும் இடத்துக்கே கடும் போட்டி. ஆணும் பெண்ணும் சேர்ந்து அண்டையாரை விரட்டிக் குஞ்சுகளைக் காக்கின்றன. ஒத்துவராத பெண்மீன் நீந்திப் போய்விடலாம். நான்கடிக் கண்ணாடிப் பெட்டியில் போவதற்கு இடமேது?

அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இதனை நன்கறிவர். முதலில் தடுப்பிட்டுச் சில வாரங்கள் ஒன்றையொன்று பார்க்க விடுவர். பெண்ணின் வயிறு பருத்து முட்டைக்கு ஆயத்தமாகும்வரை சேர்க்க மாட்டார்கள். ஆண் பெரும்பாலும் உருவிற் பெரியது. ஆதலால் பெண் மட்டுமே நுழையக்கூடிய துளையைத் தடுப்பில் இடுவாரும் உளர். விரும்பினால் அவள் அப்பால் வருவாள். துரத்தினால் தன் பக்கம் திரும்பிவிடுவாள். துளையின் அளவை மட்டும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், பெண்மீனும் வளருமாகையால்.