குதிரைத்திறன், முறுக்குவிசை, எடை: ஸ்டாண்டர்டு 2000 காரும் கல்வராயன் மலைப்பாதையும்

ஒரு காரின் வேகம், மலையேறும் ஆற்றல், எரிபொருள் செலவு ஆகியவற்றைக் குதிரைத்திறன், முறுக்குவிசை, எடை என்னும் மூன்று அளவுகள் பெருமளவு முடிவு செய்கின்றன. விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது குதிரைத்திறன். ஆனால் எஞ்சின் எந்தச் சுழற்சி வேகத்தில் அந்தத் திறனைத் தருகிறது, எவ்வளவு எடையை இழுக்கிறது என்பவை தெரிந்தால்தான் அந்த எண் பொருள்படும். சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு 2000 காரின் வரலாறு இதற்குச் சமவெளியில் ஒரு சான்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைப்பாதைகள் ஏற்றத்தில் அதே பாடத்தைக் காட்டுகின்றன.

மூன்று அளவுகள்

குதிரைத்திறன் என்னும் அலகை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் வகுத்தார். நீராவி எஞ்சின் வாங்குவோர் அதைத் தங்களிடம் உள்ள குதிரைகளோடு ஒப்பிட விரும்பினர். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலை ஒரு குதிரைத்திறன் என அவர் கொண்டார். இன்றைய அலகில் இது ஏறத்தாழ 746 வாட்.

முறுக்குவிசை என்பது அச்சைத் திருப்பும் விசையின் அளவு. கிணற்று உருளையின் கைப்பிடி நீளமாக இருந்தால் சுற்றுவது எளிதாவது இந்த அளவினால்தான். இது நியூட்டன் மீட்டரில் அளக்கப்படுகிறது. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 100 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் அதன் திறன் 21 குதிரைத்திறன். அதே முறுக்குவிசையோடு 4,500 முறை சுழன்றால் 63 குதிரைத்திறன்.

எடை இவ்விரண்டுக்கும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. வேகம் கூட்டும்போதும், ஏற்றம் ஏறும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சினும் சக்கரங்களும் எடையோடுதான் போராடுகின்றன. அதனால் கார்களை ஒப்பிடுவோர் குதிரைத்திறனை எடையால் வகுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்க்கின்றனர்.

ஒரே எஞ்சின் குடும்பம், பல வண்டிகள்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1940-களில் வான்கார்டு என்னும் காருக்காக நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. அந்த எஞ்சின் குடும்பம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வண்டிகளில் இடம்பெற்றது.

ஃபெர்குசன் டிராக்டரில் அது 30-க்கும் குறைந்த குதிரைத்திறனையே தந்தது. ஆனால் குறைந்த சுழற்சியில் கிடைத்த முறுக்குவிசையும், அதைப் பல மடங்காக்கிய கியரும் ஏர் இழுக்கப் போதுமானவையாக இருந்தன. வான்கார்டு காரில் 2,088 கன செ.மீ. அளவில் 68 குதிரைத்திறன் கிடைத்தது. 1953-இல் வந்த ட்ரையம்ப் டிஆர்2 என்னும் சிறிய விளையாட்டுக் காரில் 1,991 கன செ.மீ. அளவில் 90 குதிரைத்திறன். அந்தக் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அது மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தாண்டியது.

இந்தக் குடும்பத்தின் எஞ்சின் தமிழ்நாட்டில் மற்றொரு வடிவம் பெற்றது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு, கேஸல் முதலிய கார்களைத் தயாரித்து வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் சொகுசுக் காரை வெளியிட்டது. அதன் உடல், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வு பெற்ற ரோவர் எஸ்டி1 காருடையது. ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சினின் அளவு 3,528 கன செ.மீ.; திறன் 155 குதிரைத்திறன். ஸ்டாண்டர்டு 2000 காரிலோ வான்கார்டு வழிவந்த 1,991 கன செ.மீ. எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் திறன் 83 குதிரைத்திறன்.

ரோவர் எஸ்டி1 ஏறத்தாழ 1,300 கிலோ எடை கொண்டது. அந்த எடையைக் கொண்டு கணக்கிட்டால் 83 குதிரைத்திறன் என்பது டன்னுக்கு 64 மட்டுமே. டிஆர்2 காரில் இது 90-க்கும் மேல். 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்த மாருதி 800 காரின் எஞ்சின் 40 குதிரைத்திறனையும் எட்டவில்லை. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 650 கிலோதான். ஆகவே டன்னுக்கு 60 என்ற அளவில் அது ஸ்டாண்டர்டு 2000 காருக்கு அருகிலேயே நின்றது. பெரிய காரை வாங்கியவருக்கு இடவசதியும் தோற்றமும் கிடைத்தன. துள்ளலான ஓட்டம் கிடைக்கவில்லை. எடை அதிகமானதால் எரிபொருளும் அதிகம் செலவானது. 1980-களின் இறுதியில் அதன் தயாரிப்பு நின்றது. அத்தோடு வண்டலூரின் கார் தயாரிப்பு வரலாறும் முடிந்தது.

மலையேற்றத்தின் கணக்கு

சமவெளியில் மந்தமாகத் தெரியும் குறை, மலையில் வண்டியை நிறுத்தியே விடும். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழும் இம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. கச்சிராயப்பாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலை கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிறது.

இத்தகைய சாலையில் 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1,300 கிலோ காரை அதில் இழுக்க, சக்கர உருள்தடையையும் சேர்த்து, ஏறத்தாழ 1,040 நியூட்டன் விசை வேண்டும். ஆட்களும் மூட்டைகளுமாக 400 கிலோ சேர்ந்தால் 1,360 நியூட்டன் தேவைப்படும்.

எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகவும், சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. எனவும் கொள்வோம். டாப் கியரில் முறுக்குவிசை மொத்தம் நான்கு மடங்காகிறது என்றால், சக்கரத்தில் கிடைக்கும் விசை 1,333 நியூட்டன். ஆள் குறைந்த கார் ஏறிவிடும். பாரம் ஏற்றிய கார் சிறிது சிறிதாக வேகம் இழந்து திணறும். முதல் கியரில் முறுக்குவிசை 14 மடங்கானால் 4,667 நியூட்டன் கிடைக்கும். கார் எளிதாக ஏறும்.

இங்கே குதிரைத்திறன் குறைவு என்று சொல்ல இடமில்லை. பாரம் ஏற்றிய காரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த ஏற்றத்தில் நகர்த்த 15 குதிரைத்திறன் போதும். ஆனால் எஞ்சினின் முழுத் திறன் உயர் சுழற்சியில்தான் கிடைக்கிறது. அந்த வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,060 முறையே சுழலும். அப்போது அது தருவது 15 குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவு. கியரைக் குறைத்தால் சுழற்சி கூடுகிறது, திறனும் கூடுகிறது. மலைப்பகுதிகளில் ஜீப் நிலைத்ததற்கும் இதுவே காரணம். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன் கொண்டதுதான். அதன் கூடுதல் கியர்ப்பெட்டி முறுக்குவிசையை மேலும் ஏறத்தாழ இரு மடங்காக்கியது. நான்கு சக்கரங்களும் அந்த விசையைத் தரைக்குக் கொண்டு சென்றன. மகிந்திரா நிறுவனம் 1947 முதல் அதை இந்தியாவில் பூட்டித் தந்தது.

இறக்கத்தில் எடை

ஏறும்போது எஞ்சின் சுமந்த எடையை இறங்கும்போது பிரேக் தாங்க வேண்டும். 1,700 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 25 லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் பெரும்பகுதி பிரேக்கிலேயே வெப்பமானால் அதன் பிடிப்பு குறையும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைத் தடுத்து, பிரேக்கின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். எடை இரட்டித்தால் இந்த வெப்பமும் இரட்டிக்கும்.

மலையில் விளையும் மரவள்ளி சமவெளிக்கு இறங்குவதும், நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதும் இதே சாலைகளில்தான். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தாமாக முன்வந்து விசாரித்தபோது, சாலையும் போக்குவரத்தும் முக்கியக் கேள்விகளாக எழுந்தன. பேருந்து இல்லாத இடத்தில் மக்கள் சரக்கு வண்டியில் ஏறுகின்றனர். அந்த வண்டியின் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ள மொத்த எடை, அதன் எஞ்சினும் கியரும் பிரேக்கும் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கான எல்லை. அதைத் தாண்டிய வண்டி திணறியாவது மலை ஏறிவிடலாம். அது பாதுகாப்பாக இறங்கும் என்பதற்கு எந்தக் குதிரைத்திறனும் உறுதி தராது.